வளைவில் நிற்கிற மகளுக்கு

அம்மிணி,

நீ போய்ச் சேர்ந்து போன் பண்ணியபோது எனக்குக் கேட்டது ரெண்டே சங்கதிதான். குளிருகிறது, ஜன்னலைத் திறந்தால் மேகம் ரூமுக்குள் வருகிறது. அதற்கப்புறம் உன் குரல் விட்டுவிட்டு வந்து, கடைசியில் நின்றே போய்விட்டது. உன் அப்பா அந்தப் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, காந்தலூர் மலையில் டவர் அப்படித்தான் என்று எல்லாம் தெரிந்தவர் போலச் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. உன்னோடு வாய்விட்டுப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் வருவது திட்டுத்தான். சாப்பிட்டாயா என்று கேட்பதைக்கூட சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி கேட்கிறேன் என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். எழுதினால் கை மெதுவாகப் போகிறது, அதற்குள் கோபம் ஆறிவிடுகிறது. உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்படியானால் எனக்கும் இனிமேல் எழுதியே கொடு என்கிறார்.

நேற்று நீ வீட்டை விட்டு இறங்கியபோது நான் “போயிட்டு வா” என்று சொல்லவில்லை. நீ அதைக் கவனித்தாய், எனக்குத் தெரியும். செருப்பு மாட்டுகிற சாக்கில் வாசலில் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றாய். நானோ பையில் எலுமிச்சை ஊறுகாய் வைத்தேனா என்று மறுபடியும் மறுபடியும் துழாவிக்கொண்டிருந்தேன். சொல்லாததற்குக் காரணம் கோபம் இல்லை, பயம். மலையில் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் என் மகள் ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வருகிற வண்டியை எல்லாம் மெதுவாகப் போகச் சொல்லி நிற்கப் போகிறாள். போகிறவளிடம் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் சொல்லாமல் அனுப்பியது சரியில்லை. நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த வார்த்தையைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். நான் எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவள், சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுமையாகப் படி.

மராமத்து இலாகாவில் ஓவர்சியர் வேலை கிடைத்தது என்று நீ வந்து சொன்னபோது நான் மனசில் போட்டு வைத்திருந்த படம் வேறு. மேசை, நாற்காலி, மேலே ஃபேன், நீ கண்ணாடி போட்டுக்கொண்டு வரைபடத்தில் கோடு இழுக்கிறாய். நம் தோட்டத்து கேட்டில் நின்றால் தெரிகிற வளைவில், வாய்க்கால் பாலத்தை அகலமாக்குகிற வேலைக்கே உன்னைப் போட்டார்கள் என்றதும் இன்னும் சந்தோஷம். மகள் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று. முதல் நாள் கேட்டில் நின்று பார்த்தேன். தலையில் ஹெல்மெட், மேலே அந்த ஆரஞ்சு ஜாக்கெட், காலில் உன் அப்பாவின் பழைய ஷூ மாதிரி ஒன்று. பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், மிச்சப் பாதியில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, அந்த இரண்டுக்கும் நடுவில் நீ. பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து, ரோட்டில் நிற்கிறது உங்கள் பிள்ளையா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இப்போது அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

நம் ரோட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தால் அது கள்ளு வண்டிகளின் ரோடு. நல்லேப்பிள்ளியிலும் சுற்றியும் இருக்கிற தென்னந்தோப்புகளில் இறக்குகிற கள்ளு எல்லாம் பிக்கப்பில் ஏறி மலையாளத்துத் தெற்கு ஜில்லாக் கள்ளுக்கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறினால் கேனுக்குள் பொங்கும், மூடி தெறிக்கும், கடைக்காரன் முகம் சுளிப்பான். அதனால் ஓட்டுகிறவன் எவனும் நிதானமாக ஓட்டுவதில்லை. நம் தோப்புக் கள்ளை ஏற்றுகிற பொன்னுச்சாமியும் அப்படித்தான். அவனைத் தினமும் வழியனுப்புகிற நான் கேட்டில் நின்று என்ன சொல்லி அனுப்புவேன் என்று உனக்குத் தெரியும். “வெரசாப் போ, பொன்னுச்சாமி.” மற்றவர்கள் சாமி கும்பிட்டு அனுப்புவார்கள், நான் இதைச் சொல்லி அனுப்புவேன்.

நீங்கள் வைத்த போர்டுகளை எவன் பார்த்தான்? மலையாளத்திலும் தமிழிலும் மெதுவாகச் செல்லவும் என்று எழுதி வளைவிலேயே நட்டு வைத்திருந்தீர்கள். வளைவு திரும்பினால்தான் போர்டு தெரியும், போர்டு தெரிகிறபோது வண்டி உங்கள் மேலேயே வந்துவிட்டிருக்கும். அந்தக் கூம்பு கூம்பான சிவப்பு பிளாஸ்டிக் பொம்மைகளில் ஒன்றை முதல் நாளே ஒருத்தன் தட்டி, அது நம் வாய்க்காலில் மிதந்து போனது. உன் அப்பா அதை எடுத்து வந்து கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆகுமா என்று பார்த்தார். எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு நின்றது வேலாத்தாள் விஷயத்தில்தான். தமிழ்ப் பக்கத்திலிருந்து எல்லையைத் தாண்டி வேலைக்கு வருகிற பெண், உன் ஆட்களில் கொடி பிடிக்கிறவள். அன்று காலையில் குளிர்காற்று, மேலே துண்டைப் போர்த்தியிருந்தாள், ஜாக்கெட் உள்ளே போய்விட்டது. சாம்பல் ரோட்டில் சாம்பல் துண்டு, யாருக்கு என்ன தெரியும். பிக்கப் ஒன்று வளைவில் திரும்பி வந்த வேகத்தில் அதன் பக்கக் கண்ணாடி அவள் கையில் இருந்த கொடிக்கம்பைத் தட்டிப் பறித்துக்கொண்டு போனது. கம்பை மட்டும்தான். வேலாத்தாள் முதலில் சிரித்தாள். அப்புறம் அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்தாள். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, கம்பு பிடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த பிக்கப் பொன்னுச்சாமியுடையது. அதில் இருந்தது நம் தோப்புக் கள்ளு. கொஞ்ச நேரம் முன்னால்தான் நான் அவனிடம் வெரசாப் போகச் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் நீ சோற்றுக்கு வந்தாய், உட்காரவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். மாமாவிடம் சொல்கிறேன், அவருக்கு ஆபீசில் ஆள் இருக்கிறது, உன்னை வரைபடம் போடுகிற இடத்துக்கு மாற்றிவிடலாம், இந்த ரோட்டில் நிற்கிற வேலை நமக்கு வேண்டாம் என்றேன். நீ கேட்டுக்கொண்டே கையைக் கழுவினாய். “நான் மாறிப் போனா வேலாத்தாக்கா எங்க மாறிப் போறதும்மா?” என்றாய். யாராவது மடக்கினால் நான் சத்தம் போடுவேன், அன்றும் போட்டேன். நீ திரும்பிச் சத்தம் போடவில்லை. நம் கள்ளு வண்டி எப்போது கிளம்புகிறது, முன்னால் கிளம்ப முடியுமா என்று மட்டும் கேட்டாய். உனக்கும் எங்கள் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்றேன். அதற்கு நீ சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. “வண்டிய ஓட்டறது பொன்னுச்சாமியண்ணன். வெரசாப் போகச் சொல்றது நீதானேம்மா. நீயும் அந்த ரோட்டுல வண்டி உடறவதான்.” எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் நீ சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தது. ஒத்துக்கொள்ளத்தான் நாளானது.

ஒத்துக்கொள்வதற்கு முன்னால் நான் ஒரு கூத்துப் பண்ணினேன். உனக்கு உதவுகிறேன் என்று நினைத்துத்தான் பண்ணினேன். அறுப்புக் காலத்தில் நாம் வைக்கோலையும் நெல்லையும் ரோட்டில் காயப் போடுவோம், வருகிற வண்டி எல்லாம் தன்னால் மெதுவாகப் போகும். எந்த போர்டுக்கும் நிற்காதவன் நெல்லுக்கு நிற்பான். இதைவிட நல்ல யோசனை என்ஜினியர்களுக்கு வருமா என்று எனக்குள்ளேயே மெச்சிக்கொண்டு, நீ வருவதற்கு முன்னால் ஆட்களை விட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் ரோடு முழுக்க வைக்கோலைப் பரப்பிவிட்டேன். பனி இறங்கி வைக்கோல் நனைந்திருந்தது. முதலில் வந்தது உன் அப்பா. பால் சொசைட்டிக்கு மொபெட்டில் கேனோடு போனவர் வைக்கோலில் ஏறியதும் வண்டி ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். நல்லவேளை, விழுந்ததும் வைக்கோலில்தான். பால் ரோட்டில் ஓட, நடுவில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு இது நல்ல மரியாதை என்றார்.

நீ வந்தாய். திட்டுவாய் என்று பார்த்தேன். முதலில் இரண்டு பக்கமும் வண்டியை நிறுத்த ஆளை அனுப்பினாய், அப்பாவின் கையைக் காலைப் பிடித்துப் பார்த்தாய், அதற்கப்புறம் நீயே குனிந்து வைக்கோலை அள்ள ஆரம்பித்தாய். நானும் அள்ளினேன். கடைசிக் கட்டைத் தூக்கி வேலியோரம் போட்டுவிட்டு, “அம்மா, வண்டி வழுக்கி நிக்கக் கூடாது. ஓட்டறவன் நெனச்சு நிக்கோணும்” என்றாய். அவ்வளவுதான். அப்பா சும்மா இருக்காமல், அப்படியானால் பெரிய பெரிய கல்லாக வரிசையாக வைத்துவிடு, எவன் வருகிறான் பார்க்கலாம் என்றார். கல் வைத்தால் இடிக்கிறவன் செத்துப்போவான், அவனும் வீட்டுக்குப் போக வேண்டியவன்தான் என்று நீ சொன்னாய். வேலாத்தாளை இடித்திருக்கக்கூடிய ஆளின் உயிரையும் சேர்த்து எண்ணுகிற மனசு உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் அன்று முழுக்க யோசித்தேன். என்னிடமிருந்து வந்ததில்லை, அது நிச்சயம்.

அதற்கப்புறம் நீ செய்ததைத்தான் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கள்ளு வண்டிக்காரர்கள் எல்லோரும் லோடு ஏற்றுவதற்கு முன்னால் முக்குக் கடையில் டீ குடிப்பார்கள். நீ அங்கே போனாய். சட்டம் பேசவில்லை, போலீஸ் என்று பயமுறுத்தவில்லை. ஒரு டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணா, அந்த வளைவுல உங்களுக்கு எங்க வரும்போது என்ன தெரியுதுங்க என்று கேட்டாயாம். இதை எனக்குச் சொன்னது பொன்னுச்சாமிதான். வேலாத்தாள் சங்கதிக்கப்புறம் அவன் உன் முகத்தைப் பார்க்காமல் ஒளிந்து திரிந்தான். உன்னைக் கண்டதும் எழுந்து போகப் பார்த்திருக்கிறான். நீ அவனைத் தனியாக ஒரு வார்த்தையும் கேட்காமல், எல்லோரிடமும் கேட்ட கேள்வியையே அவனிடமும் கேட்டிருக்கிறாய். போர்டு தெரிகிறபோது ஆளும் தெரிந்துவிடுகிறது, அப்புறம் பிரேக் போட்டு என்ன பண்ண என்று அவர்கள் ஒவ்வொருத்தராகச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே போர்டுகள் எல்லாம் பின்னால் போயின, புளியமரத்துக்கும் அந்தப் பக்கம், ஓட்டுகிறவனுக்கு யோசிக்க நேரம் இருக்கிற தூரத்துக்கு.

டீக்கடையில் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வந்ததாம். ரோட்டில் எதைக் கண்டால் கால் தன்னால் பிரேக்குக்குப் போகும் என்று நீ கேட்டிருக்கிறாய். ஆடு என்றான் ஒருவன், போலீஸ் என்றான் ஒருவன். பொன்னுச்சாமி அப்போதுதான் வாயைத் திறந்தானாம். “கேனைக் கண்டா நின்னுருவோமுங்க. எவன் வண்டியிலிருந்து உழுந்துதோ, எடுத்துக் குடுக்காமப் போனா நாளைக்கு நம்முளுத எவனும் எடுக்க மாட்டானுங்க.” அது வாஸ்தவம். கள்ளு வண்டிக்காரர்கள் மத்தியில் அப்படி ஒரு வழக்கம் எனக்குத் தெரிந்த நாளாக உண்டு. விழுந்த கேனைத் தாண்டிப் போகிறவனோடு யாரும் டீகூடக் குடிக்க மாட்டார்கள். இத்தனை வருஷம் கேட்டில் நின்று பார்க்கிற எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. நீ அதைக் கேட்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, ஷெட்டில் கிடக்கிற ஓட்டைக் கள்ளு கேனை எல்லாம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றாய். விளக்குமாற்றுக்குக்கூடக் கணக்குப் பார்க்கிற நான் அன்று ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வைக்கோல் அள்ளின கைக்கு அந்த அளவு புத்தி வந்திருந்தது.

அந்தக் கேன்களுக்கு நீயும் வேலாத்தாளும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தீர்கள். உள்ளே கல் போடாமல் மணலைப் பாதிவரைக்கும் போட்டீர்கள், இடித்தால் சாயும், ஆளைக் கொல்லாது என்று. மேலே மினுங்குகிற ஸ்டிக்கர். உங்கள் பிளாஸ்டிக் கூம்புகளோடு சேர்த்து, தூரத்திலிருந்தே ரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி வருகிற மாதிரி வரிசையாக வைத்தீர்கள். முதல் நாள் காலையில் நான் கேட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். வந்த முதல் பிக்கப் புளியமரத்தடியிலேயே தணிந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கேனைப் பார்த்தான், பட்டையைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து போனான். அடுத்தவனும் அப்படியே. முன்னால் போகிறவன் ஊர்ந்தால் குறுகின ரோட்டில் பின்னால் வருகிற காரும் பஸ்ஸும் ஊர்ந்துதானே ஆக வேண்டும். உன் அப்பா காயம் பட்ட முழங்கையைத் தடவிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்று, “இவ சொன்னா லாரியே நிக்குது, நான் சொன்னா நம்ம மாடே நிக்கறதில்ல” என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். தூசி என்றார்.

நானும் என் பங்குக்கு மாறினேன், அதையும் நீ குறித்துக்கொள். மரம் ஏறுகிறவர்களிடம் பேசி, தூரத்து வரிசை மரங்களில் முதலில் கள்ளு இறக்கச் சொன்னேன். கேட்டுக்குப் பக்கத்து மரங்கள் கடைசிக்கு என்றால் கேன் தூக்குகிற நேரம் மிச்சம். வண்டி முன்னாலேயே கிளம்பியது. நீயும் கள்ளு வண்டிகள் போகிற நேரத்தில் உன் ஆட்களை ரோட்டோரத்தில் நிறுத்தாமல் வாய்க்கால் பக்கத்து வேலைக்குத் திருப்பினாய். இரண்டு பேரும் இதைப் பற்றி உட்கார்ந்து பேசிக்கொள்ளவே இல்லை. நீ கொஞ்சம் நகர்ந்தாய், நான் கொஞ்சம் நகர்ந்தேன். உன்னோடு எனக்கு இப்படி ஒத்துப்போனது நீ பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

தார் போடுகிற வாரத்தில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் கேட்டிலிருந்து பார்த்த எனக்கு அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. விடியற்காலையில் சாரல் அடித்து ஓய்ந்திருந்தது. அன்றைக்கு மரம் ஏறத் தாமதம், வண்டி பிந்திவிட்டது. பொன்னுச்சாமி லோடோடு கேட்டை விட்டு இறங்கி வளைவுக்கு வரவும், ரோலர் பின்னால் நகர்ந்து வண்டி போகிற பக்கம் வரவும் சரியாக இருந்தது. வேலாத்தாள் சிவப்புக் கொடியைத் தூக்கினாள். ஜாக்கெட் வெளியே தெரிய, நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். பொன்னுச்சாமி நின்றான். அவனுக்குப் பின்னால் வந்த கார்க்காரன் ஹாரனை அமுக்கினான், கையை விடவே இல்லை. கேன் வரிசையில் ஆட்கள் போய்வர விட்டிருந்த சந்துக்குள் காரின் மூக்கை நுழைக்கப் பார்த்தான். அந்தச் சந்தில்தான் வேலாத்தாள் நின்றுகொண்டிருந்தாள்.

பொன்னுச்சாமி கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒடித்து அந்த வழியை அடைத்து நிறுத்தினான். நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தான். ஏற்கனவே பிந்திய லோடு, கேன் மூடிகளின் ஓரத்தில் நுரை தள்ளுகிறது, பொங்கி வழிந்து வண்டித் தொட்டியிலிருந்து ரோட்டில் சொட்டுகிறது. என் தோப்புக் கள்ளு அது. பழக்க தோஷத்தில் வெரசாப் போ என்று கத்த என் வாய் திறந்துகொண்டது. வேலாத்தாளைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். நீ ஓடவில்லை, கையை வீசவில்லை. காரின் ஜன்னலுக்கு நடந்து போய்க் குனிந்து மலையாளத்தில் என்னவோ சொன்னாய். அந்த ஆள் முதலில் முறைத்தான், அப்புறம் வேலாத்தாளை இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தான், ஹாரன் நின்றது. ரோலர் நகர்ந்து போயிற்று, கொடி இறங்கியது, பச்சைக் கொடி ஏறியது, எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்று சாயங்காலம் ஊரில் பேசிக்கொள்ள ஒன்றுமே இருக்கவில்லை. எனக்கு மட்டும் யாரையாவது பிடித்து, என்ன நடந்தது தெரியுமா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லப் போனால் என்ன சொல்வது, ஒன்றும் நடக்கவில்லையே. நீ செய்கிற வேலை இதுதான் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. உன் மாமாவுக்குப் போன் பண்ணி, ஆபீஸ் விஷயத்தை விட்டுவிடச் சொன்னேன். இது நாள் வரை உன்னிடம் சொல்லவில்லை.

இப்போது கொஞ்சம் புத்தி சொல்லிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இது உன் அம்மா எழுதியதா என்று சந்தேகப்படுவாய். அங்கே குளிர் என்கிறாய். ஸ்வெட்டரை உள்ளே போட்டு ஜாக்கெட்டை வெளியே போடு. சால்வையை மேலே போர்த்துகிற வேலையே வேண்டாம், உன் ஆட்களையும் போர்த்த விடாதே. சோம்பல்பட்டு யாராவது போர்த்தினால் வேலாத்தாளின் கொடிக்கம்பு கதையைச் சொல். அங்கே நம் கள்ளு வண்டிகள் கிடையாது. எஸ்டேட் ஜீப்பும், பூண்டும் கேரட்டும் ஏற்றுகிற வண்டியும், ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் காரும்தான். அவர்கள் எதற்கு நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் இன்னும் தெரியாது. எங்கே டீ குடிக்கிறார்கள் என்று முதலில் பார். அங்கத்துத் தமிழ் தெற்கத்திப் பேச்சு, நம் ‘ங்க’ அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், சிரித்தால் நீயும் கூடச் சிரித்துவிடு. புகை மாதிரி மேகம் இறங்குகிற நேரத்தில் வேலையை நிறுத்து, மேலே இருக்கிறவன் எவன் கேட்டாலும் நான் சொன்னேன் என்று சொல். ஓட்டுகிறவன் கோபமாகப் பேசினால் பொறுத்துக்கொள், ஆனால் கொடியை மட்டும் அவனுக்காக இறக்காதே. மத்தியானச் சோற்றைத் தள்ளிப்போடாதே. பசித்தால் உனக்கு என் வாய் வந்துவிடும், அதை ரோட்டில் காட்டினால் ஒரு வண்டியும் நிற்காது.

நேற்றைக்கு வருகிறேன். பொன்னுச்சாமி லோடைத் தன் மச்சினனிடம் கொடுத்துவிட்டு, மச்சினன் காரை வாங்கிக்கொண்டு, உடுமலை வரைக்கும் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று வந்து நின்றான். நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். கேட்டை விட்டு இறங்கியதும் அந்த வளைவு. போர்டு இல்லை, கேன் இல்லை, ஆள் இல்லை. புது ரோடு எண்ணெய் தடவின மாதிரி கிடந்தது, எப்படிப்பட்டவனுக்கும் அமுக்கிப் போகத் தோன்றும். பொன்னுச்சாமியின் கால் ஆக்சிலேட்டரிலிருந்து தன்னால் எழும்பியது, கார் ஊர்ந்து திரும்பியது. நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தாய், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. உன் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த வார்த்தையை அப்போதே சொல்லியிருக்கலாம். பொள்ளாச்சி வந்தால் சொல்லலாம் என்று விட்டேன், பொள்ளாச்சி வந்ததும் உடுமலையில் சொல்லலாம் என்று விட்டேன்.

உடுமலை ஸ்டாண்டில் நீ காந்தலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என்னைக் காணோம் என்று தேடினாயே, அப்போது நான் முன்பக்கம் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். மீசை நரைத்த மனிதர், தினமும் இந்த மலைக்குத்தான் ஓட்டுகிறாராம். அவரிடம் சொன்னேன். “ஏனுங்க, மேல ரோட்டு வேல நடக்குதாமுங்க. அங்க மட்டும் பாத்து மெதுவாப் போங்க.” ஒரு வண்டியைப் பார்த்து என் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தது எனக்கே புதிதாக இருந்தது. அவர் உன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்கம்மா, உங்க புள்ளைய அலுங்காமக் கொண்டுபோய் எறக்கி உடறேனுங்க” என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் நினைத்தது வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை. நான் சொன்னது, நாளையிலிருந்து அவர் வண்டிக்கு முன்னால் நிற்கப் போகிற பிள்ளையை.

அந்த பஸ் உன் வளைவுக்குத் தினமும் வரும். டிரைவர் மெதுவாகத்தான் வருவார், பார். வந்தால், அன்றைக்கு உடுமலையில் நின்ற அம்மா சொன்னது என்னைத்தான் என்று அவரிடம் சொல்லிவிடு.

போயிட்டு வா, அம்மிணி.

உன் அம்மா